அடுப்பு வாங்குமுன் தீனியைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் பெங்களூரில் கம்பளியும் மஃப்ளரும் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும். அவற்றோடு சில ஆண்டுகளாக ஓர் ஆசையும் நம் வீடுகளில் எட்டிப் பார்க்கிறது. அமெரிக்கா, கனடா என்று பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்த பெற்றோர் அங்கே கூடத்து மூலையில் எரியும் பெல்லட் அடுப்பைப் பற்றி வாயோயாமல் பேசுகிறார்கள். “நமக்கும் சிறிதாக ஒன்று வாங்கிவிட்டால் என்ன?” என்ற கேள்வி மர்பி டவுனிலும் கேட்கிறது. ஓய்வுக்குப் பின் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் குடியேற நினைக்கும் அன்பர்களும் இதையே கேட்கிறார்கள். இரயில்வேயில் இயந்திரங்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில், பெல்லட் என்பது என்ன? மரத்தூளையோ, கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்ற கழிவுகளையோ உலர்த்தி, பொடித்து, இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் சிறு குச்சித் துண்டு. சுண்டு விரலைவிட மெல்லியது. தகர டப்பாவில் மரத்தூளை இடித்து நிரப்பி, நடுவில் துளை விட்டு எரித்த நம் பாட்டிமார்களின் மரத்தூள் அடுப்புக்கு இது பேரன் முறை. 1980களில் அமெரிக்காவில் பரவிய பெல்லட் அடுப்பில் மேலே ஒரு தொட்டி இருக்கும். மோட்டாரால் சுழலும் திருகு ஒன்று பெல்லட்டைச் சிறிது சிறிதாக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும். ஒரு விசிறி காற்றைச் செலுத்தும். புகை குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடும். நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை.

ஆனால் நீராவி இன்ஜின் ஓடிய காலத்தில் எந்த ஷெட்டிலும் காலையில் கேட்கும் முதல் கேள்வி, “கரி வந்ததா?” என்பதுதான். அடுத்த கேள்வி, “எப்படிப்பட்ட கரி?” சாம்பல் மிகுந்த கரி வந்தால் நெருப்புப் பெட்டியில் கிளிங்கர் கட்டி, நல்ல இன்ஜினும் வழியில் மூச்சுத் திணறி நிற்கும். வீட்டு அடுப்புக்கும் இதே விதிதான். நல்ல மர பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குகூட இராது. வேளாண் கழிவில் செய்ததில் அது பல மடங்கு. மர பெல்லட்டுக்கென்று செய்த அடுப்பில் அதைப் போட்டால் கிண்ணத்தில் கட்டி தட்டிக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும்.

இந்தப் பாடத்தை நம் ஊரே ஒருமுறை படித்திருக்கிறது. நமது இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு, பி.பி. எண்ணெய் நிறுவனம் 2006-இல் ‘ஊர்ஜா’ என்ற சிறிய பெல்லட் சமையல் அடுப்பைக் கொண்டுவந்தது. மின்கலத்தில் ஓடும் குட்டி விசிறி, புகை மிகக் குறைவு. கர்நாடகம், தமிழ்நாடு, மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் சுமார் 4 லட்சம் அடுப்புகள் விற்றன. பிறகு நடந்தது என்ன? கடலைத் தோலையும் சக்கையையும் தொழிற்சாலைகள் கொதிகலனுக்கு வாங்கத் தொடங்கின. பெல்லட் விலை ஏறியது. 2009-இல் பி.பி. விலகியது. அடுத்து வந்த நிறுவனம் ஓட்டல் சமையற்கூடங்களின் பக்கம் திரும்பியது. அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால் அதில் வேறெதையும் எரிக்க முடியாது. தீனி நின்றதும் எத்தனையோ வீடுகளில் அது பரணுக்கு ஏறிவிட்டது.

இன்று நிலைமை மாறிவிட்டதா? மத்திய அரசு 2021-இல் அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பெல்லட்டைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. வயலில் வைக்கோல் எரிவதைத் தடுக்க அது நல்லதே. ஆனால் லாரி லாரியாக வாங்குபவர் வரிசையில் நிற்கும்போது, மாதம் இரண்டு மூட்டை கேட்கும் நம்மை யார் திரும்பிப் பார்ப்பார்? பெல்லட் வணிகம் வேரூன்றிய ஐரோப்பாவிலேயே, உக்ரைன் போரை அடுத்து 2022-இல் விலை இரண்டு மடங்குக்கும் மேல் போயிற்று.

ஒரு சிறு கணக்கும் பாருங்கள். 14.2 கிலோ சமையல் எரிவாயு பாத்திரத்துக்குத் தரும் சூட்டைப் பெற, சாதாரண பெல்லட் சுமார் 50 கிலோ வேண்டும். அதைச் சுமந்து வரவேண்டும், மாடிக்கு ஏற்றவேண்டும், மழையில் நனையாமல் காக்கவேண்டும். ஈரம் பட்டால் ஊதிப் பழையபடி தூளாகிவிடும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இதை மறக்கக்கூடாது.

பெங்களூருக்கு இது தேவையா என்றால், தேவையில்லை என்பேன். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. வழக்கமான மார்கழி இரவில் 15, 16 டிகிரிதான். ஜன்னல் இடுக்கை அடைத்து, தரையில் ஜமுக்காளம் விரித்தால் போதும். வெந்நீருக்கு மொட்டைமாடியில் சூரியன் இருக்கிறான். தவிர, சுவரோடு சுவர் ஒட்டிய மர்பி டவுன் சந்துகளில் புகைக்குழாயை எங்கே நீட்டுவது? அடுத்த வீட்டு ஜன்னலுக்கா?

மலையூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் தீனியை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் குறைந்தது இரண்டு கடைகளில் பெல்லட் கிடைக்க வேண்டும். அறைக்கு ஏற்ற அளவு அடுப்பு போதும். பெரியதை வாங்கி எப்போதும் தணித்தே எரித்தால் கரி படியும். மின்சாரம் நின்றால் திருகும் விசிறியும் நிற்கும், அதற்கு மாற்று ஏற்பாடு தேவை. சாம்பலைத் தவறாமல் அள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குழாயைச் சுத்தம் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பெல்லட் அடுப்பு கிடைக்கவில்லை என்று கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிர்காலந்தோறும் இப்படிக் குடும்பங்கள் மடிந்த செய்தி நாளேடுகளில் வருகிறது. ஊட்டி, கொடைக்கானல் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

யானையை வாங்கிவிடலாம், தீனி போட்டுக் கட்டிக் காப்பதுதான் கடினம் என்பார்கள் நம் பெரியவர்கள். வாசலில் யானை வந்து நின்ற பிறகு தீனிக்கு அலைவதைவிட, வாங்குமுன் விசாரிப்பது நல்லது.