களஞ்சியமும் கடவுளும்

மாந்தர் கடவுளை மறுப்பது அரிது. மறப்பதோ மிக எளிது. மறுப்பவன் ஒருவாறு அவரைப்பற்றிச் சிந்தித்த பின்னரே மறுக்கின்றான், மறப்பவனுக்கோ அச்சிந்தனையுமில்லை. வறுமையும் நோயும் வந்துற்ற காலத்துக் கடவுளே கதியென்று கதறியவன், அவை நீங்கி, உண்டு உடுத்து, நல்ல வீடு கட்டிக் குடிபுகுந்த பின்னர், அவர் நாமத்தைச் சொல்லவும் அவகாசமின்றி இருப்பதை நாம் நாடோறும் காண்கின்றோம். இஸ்ரவேல் மக்கள் கானான் தேசத்துட் பிரவேசிக்குமுன் மோசே அவர்களுக்குச் செய்த எச்சரிக்கை, வனாந்தரத்துப் பசியைக் குறித்ததன்று. அவர்கள் அடையவிருந்த நிறைவைக் குறித்ததே. பசி தீர்ந்த பின்னரே மறதி வருமென்பதை அப்பெரியார் நன்கறிந்திருந்தார்.

உலகப் பொருளை அரணென நம்புதல் எத்தகையதென்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அர்பத்நாட் கம்பெனி என்னும் பெயரைச் சென்னைவாசிகள் அசையாத பாறையாகவே மதித்தனர். உத்தியோகஸ்தர், வியாபாரிகள், கைம்பெண்கள் முதலிய பலரும் தம் வாழ்நாட் சேமிப்பை அதனிடம் ஒப்புவித்துக் கவலையின்றி உறங்கினர். 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி அது முறிந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். பணம் போட்டவர்களோ தம் முதுமைக்கென வைத்திருந்ததை இழந்து தவித்தனர். அடுத்த ஆண்டில், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் வங்கி தோன்றிற்று. இழந்தவர்களுள் பலர் பக்தியிற் குறைந்தவரல்லர். நாவினால் கடவுளைத் துதித்தும், இருதயத்தின் பாரத்தை ஒரு கம்பெனியின் பெயர்ப்பலகைமேல் இறக்கி வைத்தும் வாழ்தல் யாவர்க்கும் இயல்வதே. நாமும் அதற்கு விலக்கல்லோம்.

இனி நம் வாயிலருகே நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். நமது கல்லூரி 1937-ம் வருஷத்தில் நகரின் நெருக்கத்தினின்றும் தாம்பரத்துப் புதர்க்காட்டிற்குப் பெயர்ந்த காலத்தில், இப்பக்கங்களில் ஏரிகளும் வயல்களுமே மிகுதி. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் ஒன்றினின்று ஒன்றாய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாடும். மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றை நாடும். பிற்காலத்தில் நீர் நின்ற இடங்களிலும் நீர் சென்ற வழிகளிலும் வீடுகள் எழுந்தன. பலர் இருபது வருஷக் கடன் வாங்கித் தம் ஆயுளின் உழைப்பையெல்லாம் அவ்வீடுகளிற் செலுத்தி, ‘இனி நமக்குக் குறைவில்லை’ என்று மகிழ்ந்தனர்.

2015-ம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த மழை அம்மகிழ்ச்சியைச் சோதித்தது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளக்காடாயின. விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. மின்சாரமும் தொலைபேசியும் நின்றன; பணம் வைத்திருந்தோரும் அதனைக் கொண்டு ஒரு வேளை உணவும் பெறமாட்டாதவராய் மாடியில் நின்றனர். அவ்வேளை கடற்கரைக் குப்பங்களின் மீனவர் தம் படகுகளைத் தெருக்களிற் செலுத்தி, முன்பின் அறியாதவர்களைக் கரையேற்றினர். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்ற பேதமின்றிக் கதவுகள் திறக்கப்பட்டன.

அவ்வெள்ளம் பாவிகள்மேல் கடவுள் அனுப்பிய தண்டனையென்று கூறுவாருமுளர். அதனை யாம் ஒவ்வோம். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெண்மர் மற்றெல்லாரினும் கொடியரல்லர் என்பதே நம் ஆண்டவர் கருத்து. அன்றியும், அன்று மிகுதியாய் இழந்தவர்கள் ஆற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள்; உலகப் பொருளில் நம்பிக்கை வைப்பதற்கும் அவர்களிடம் பொருளில்லை. வெள்ளம் நமக்குத் தண்டனையன்று, கண்ணாடி. நாம் எதன்மேல் நின்றிருந்தோம் என்பதை அது காட்டிற்று.

அக்கண்ணாடியிற் கண்ட முகத்தை நாம் எத்துணை விரைவில் மறந்தோம்! வெள்ளம் வடிந்தபின் வசதியுள்ளோர் செய்ததென்ன? மண் கொட்டித் தம் மனையை உயர்த்தினர், மதிலையும் உயர்த்தினர். அடுத்த மழையில் அந்நீர் எங்கே செல்லும்? உயர்த்த வகையற்ற அடுத்த வீட்டிற்கே செல்லும். கடவுளை மறப்பதன் கேடு இங்கேதான் வெளியாகின்றது. தன் அரண் தன்னாலேயே ஆயிற்றென்று எண்ணுபவன், முதலில் துதியை விடுகின்றான். பின்பு அயலானை விடுகின்றான். ஈற்றில் அயலானுக்குக் கேடாகவே தன் பத்திரத்தை அமைத்துக் கொள்கின்றான். நம் முன்னோர் ஏரியைக் காத்தது ஊரார் அனைவர்க்குமாக. நாம் உயர்த்தும் மதிலோ நமக்கு மட்டுமே.

அங்ஙனமாயின், சேமித்தலும் வீடு கட்டலும் ஆகாவோ என்று மாணவர் வினவலாம். ஆகாவென்று யாம் சொல்லோம். வேதாகமத்தில் இரண்டு களஞ்சியங்கள் உள. எகிப்து தேசத்தில் யோசேப்பு ஏழு வருஷ விளைவைச் சேர்த்து வைத்தான். உவமையிற் கண்ட ஐசுவரியவானும் பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்ட எண்ணினான். இருவரும் சேமித்தவர்களே, ஆயினும் ஒருவன் ஞானியென்றும் மற்றவன் மதிகேடன் என்றும் பெயர் பெற்றனர். யோசேப்பு பஞ்சத்தை நினைத்தான், பசித்த பிறரை நினைத்தான், இவையெல்லாவற்றையும் அறிவித்த கடவுளை நினைத்தான். ஐசுவரியவானோ தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சில் கடவுளுக்கும் இடமில்லை, அண்டை வீட்டானுக்கும் இடமில்லை. அவ்விரவே அவன் ஆத்துமா கேட்கப்பட்டது.

இவ்வருஷம் பட்டம் பெற்று வெளிச்செல்லும் நண்பர்காள்! உங்களிற் பலர் விரைவில் நல்ல சம்பளம் பெறுவீர்கள்; பெறுக. காப்புறுதி எடுப்பீர்கள், மனை வாங்குவீர்கள். அவற்றைப் பாவமென்று கூற எமக்கு நாவெழாது. ஆயின், முதற் சம்பளம் கையில் வந்த அன்றும், புது வீட்டின் திறவுகோல் கிடைத்த அன்றும் இரண்டு வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதனைத் தந்தவர் யார்? என் மதிலால் யார் வீட்டில் நீர் புகும்? இவ்விரண்டிற்கும் நாணாது விடை கூற வல்லவன் கடவுளை மறந்தவனாகான். அவன் வீட்டைச் சூழ்ந்து என்றேனும் வெள்ளம் எழுமாயினும், இழக்கவொண்ணாத ஒன்று அவனிடம் எஞ்சி நிற்கும்.