உடைஞ்சா யாருக்கு லாபம்?

மாடித்தோட்டம் போடுற நகரத்து நண்பர்கள் பலபேர் கேக்குற கேள்வி இது: "எது எடுத்தாலும் ஒரே விலைன்னு விக்கிற கடையில மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து எல்லாம் கிடைக்குதே, வாங்கலாமா?" பக்கெட், மக்கு, நாத்துத் தட்டு வாங்குங்க, தப்பே இல்லை. மண்ணுலயும் மரத்துலயும் விழ வேண்டிய இரும்பை மட்டும் அங்க வாங்காதீங்க.

அந்தச் சாமான் பெரும்பாலும் மெல்லிசுத் தகட்டை அச்சுல அழுத்தி, மேல பெயிண்ட் அடிச்சது. அதுல கார்பன் ரொம்பக் கம்மி. பழுக்கக் காய்ச்சித் தண்ணியில முக்கினாலும் இறுகாது. கொல்லம்பட்டறையில அரிவாள் அடிக்க எடுக்கிறது பழைய லாரியோட வில்பட்டை. அதுல கார்பன் அரை சதவீதத்துக்கு மேல இருக்கும். அதனாலதான் தோய்ச்சல் வெச்சா வாய் இறுகி, கூர் நிக்குது. பெயிண்ட் பளபளப்புல இந்த வித்தியாசம் தெரியாது. வேலையில தெரியும்.

இன்னொன்னு, மண். கேப்பர் மலைப் பக்கம் செம்மண், கல்லு. சிதம்பரம் பக்கம் போனா களிமண். முதுநகர் கடலோரம் மணல். மணலுக்கு அகலமான மம்முட்டி, கெட்டி மண்ணுக்குக் குறுகலா, கனமா. ஆள் உயரத்தைப் பாத்துக் காம்பு போடும் கோணத்தையும் கொல்லர் மாத்துவார். கடைச் சாமானுக்கு எல்லா மண்ணும் ஒண்ணு, எல்லா முதுகும் ஒண்ணு. கடைசியில முதுகுதான் வலிக்கும்.

எங்க அப்பா காலத்துல கொல்லருக்குச் சாமானுக்கு இவ்வளவுன்னு காசு கிடையாது. வருஷம் முழுக்க அடிச்சுத் தருவார், கருக்கு வெட்டித் தருவார். அறுவடை முடிஞ்சா களத்துல நெல் அளப்போம். அந்த முறை நியாயம்னு நான் சொல்ல வரல. மழை பொய்ச்சா அவர் வீட்டு அடுப்பும் எரியாது. ஆனா ஒண்ணு பாருங்க: அரிவாள் முறிஞ்சா அவருக்குத்தான் கூலியில்லாத வேலை. அதனால முறியாம அடிக்கிறது அவருக்கே லாபம். இன்னைக்கு மலிவுக் கடைக்கு எது லாபம்? உடைஞ்சா இன்னொண்ணு விக்கும். இந்த ஒரு கேள்வியை மனசுல வெச்சுக்கிட்டு எந்தக் கடைக்கும் போங்க.

2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. அந்த மாதிரி நாள்ல கடையைத் தேடி ஓட முடியாது, வீட்டுல இருக்கிற கோடாலிதான் வழி விடணும். வைரம் பாஞ்ச பலாவுல தகட்டு அரிவாளைப் போட்டுப் பாருங்க, நாலாவது வெட்டுல வாய் மடங்கும்.

"இல்லாதவன் என்ன செய்வான், கையில இருக்கிற காசுக்குத்தானே வாங்க முடியும்?"னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இல்லாதவன்தான் ரெண்டு தடவை வாங்க முடியாதவன். வரப்பு வெட்டுற அன்னைக்குக் காம்பு கழண்டா, மிச்சம் பிடிச்ச காசு அரை நாள் கூலியில போயிடும். அதுக்குப் பதிலா பழைய இரும்புக் கடையில தேஞ்ச மம்முட்டி ஒண்ணை வாங்கி, பட்டறையில இரும்பு ஒட்டி அடிச்சு வாங்கலாம். காம்பை நாமே வேலமரத்துல செதுக்கிக்கலாம். தகட்டுச் சாமானுக்கு இந்த மறுபிறப்பு கிடையாது, குப்பைதான்.

அறுப்பு மெஷின் வந்தப்புறம் கருக்கரிவாள் வேலை பட்டறைக்குக் கொறஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிற மம்முட்டி, கொத்து வேலையும் போயிட்டா உலை அணைஞ்சிடும். அப்புறம் நல்ல இரும்பு வெச்சிருக்கிறவனுக்கும் அதைக் காய்ச்சி அடிக்க ஆள் இருக்காது. ஒருத்தர் மலிவுக்கு வாங்குறது ஊருக்கே செலவா முடியும்.

நம்ம கடலூர்ப் பக்கம் வந்தா ரோட்டோரம் துருத்தி ஊதுற இடத்துல வண்டியை நிறுத்துங்க. என்ன மண்ணு, என்ன வேலைன்னு சொல்லுங்க. காம்பு நுழையிற கண்ணு உறுதியா இருக்கான்னு பாருங்க. "வாய் மழுங்கினா கொண்டாரலாமா?"ன்னு கேளுங்க. "கொண்டாங்க"ன்னு சொன்னா, பேரம் பேசாம வாங்குங்க.