எழுதாமல் விட்ட ஒரு வரி

போன மாதம் பீடோங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், கூலிம் ஹைடெக் பார்க்கில் டெக்னீஷியன் வேலை செய்கிறவன், சாம்பாரை ஊற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டான். "அங்கிள், நம்ம நாட்டுலயும் அணு உலை கட்டப் போறாங்களாமே. வெடிச்சா என்ன ஆகும்?"

2025 ஜூலை 31-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் தாக்கலான 13-வது மலேசியத் திட்டத்தில் அணுசக்தியும் இடம்பெற்றதிலிருந்து இந்தக் கேள்வியைப் பல இடங்களில் கேட்கிறேன். பையனுக்கு நான் சொன்ன பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. "வெடிக்கிறதப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. ஒரு வால்வு லேசா ஒழுகினா அதை எழுதி வைப்பாங்களா, யார்கிட்ட சொல்லுவாங்க, எவ்வளவு நேரத்துல சொல்லுவாங்க? அதைக் கேளு" என்றேன். "இது என்ன பெரிய விஷயம்?" என்பதுபோல் பார்த்தான்.

பெரிய விஷயம்தான். ஏன் என்று சொல்ல, நான் இதுவரை இந்தப் பகுதியில் எழுதாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1991-ஆம் ஆண்டு. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, சுங்கை பட்டாணிக்கு அருகே ரப்பர் பாலைக் கெட்டியாக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பால் கெட்டுப் போகாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். பால் ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். மூக்கைத் துளைத்து, கண்ணில் நீரை வரவழைத்துவிடும்.

ஒரு நாள் இரவு ஷிப்ட். விடியற்காலை இரண்டு மணி இருக்கும். வழக்கமான நெடியைவிட அதிகமாக வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது வால்வின் கழுத்துப் பக்கம் லேசாகக் கசிவு. ஸ்பேனரை எடுத்து ஒரு சுற்று இறுக்கினேன். நெடி குறைந்தது. ஷிப்ட் புத்தகத்தைத் திறந்து எழுதப் போனேன். அப்போது சூப்பர்வைசர் வந்தார். கெட்டவர் இல்லை, எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

"என்ன எழுதப் போற தம்பி? இறுக்கிட்டல்ல? அப்புறம் என்ன? வாசல் போர்டப் பார்த்தியா?"

வாசலில் ஒரு போர்டு இருந்தது. விபத்து இல்லாத நாட்கள் என்று போட்டு, கீழே எண் எழுதியிருப்பார்கள். அன்றைக்கு முந்நூறைத் தாண்டியிருந்தது. ஒரு வருஷம் முழுசாக முடிந்தால் ஆளுக்கு ஒரு மூட்டை அரிசியும் ஐம்பது வெள்ளியும் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கசிவு என்று எழுதினால் மேலே கேள்வி வரும், எண் மறுபடியும் பூஜ்யத்துக்குப் போனாலும் போகும். நாற்பது குடும்பத்து அரிசி மூட்டை என் பேனா முனையில் நின்றது.

"எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பகல் ஷிப்டில் வந்தவர் எங்கள் லயத்திலேயே பக்கத்து வீட்டில் குடியிருந்த மாமா. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். புத்தகத்தைப் பார்த்திருக்கிறார்; எல்லாம் சரி. மூன்றாவது வால்வைத் திறந்திருக்கிறார். இறுக்கிய இடம் பிய்த்துக்கொண்டு வாயு முகத்தில் அடித்தது. தண்ணீர்க் குழாய்க்கு ஓடிக் கண்ணைக் கழுவியதால் ஒரு கண் தப்பியது. இடது கண்ணுக்குக் கடைசி வரை மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து இருப்பது அவருக்குத் தெரியும். என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதனால்தான் அணு உலை என்றதும் என் நினைப்பு புத்தகத்துக்கும் பேனாவுக்கும் போகிறது.

அணு உலைகளில் சின்ன விஷயங்களுக்குப் பெயரும் உண்டு, நேரக் கணக்கும் உண்டு. அனைத்துலக அணுசக்தி முகமை 1990-இல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. ஒன்று முதல் மூன்று வரை 'சம்பவம்', நான்கு முதல் ஏழு வரை 'விபத்து'. செர்னோபிலும் புகுஷிமாவும் ஏழு. அதற்கெல்லாம் கீழே பூஜ்யம் என்றும் ஒரு படி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்குக் கேடு இல்லை, ஆனாலும் வழக்கத்திலிருந்து விலகிய ஒன்று நடந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் தொழிற்சாலை போர்டில் பூஜ்யம் என்பது அவமானம். அங்கே பூஜ்யத்துக்கும் ஒரு பதிவு உண்டு.

அமெரிக்காவில் அவசர நிலையை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகக் கீழ்ப்படிக்கு 'வழக்கத்துக்கு மாறான நிகழ்வு' என்று பெயர். நிலையத்துக்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் கொஞ்ச நேரம் நின்று போவது, வளாகத்துக்குள் பிடித்த தீ சீக்கிரம் அணையாமல் இருப்பது போன்றவை அதில் அடங்கும். அந்தக் கீழ்ப்படியாக இருந்தாலும், அறிவித்த 15 நிமிடத்துக்குள் மாநில, உள்ளூர் அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போயாக வேண்டும். ஆணையம் அவற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுகிறது.

இவ்வளவு கண்டிப்புக்குப் பின்னால் ஒரு பாடம் இருக்கிறது. 1977 செப்டம்பர் 24-ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலை அப்போது மிகக் குறைந்த சக்தியில் ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 20 நிமிடத்தில் ஊழியர்கள் கண்டுபிடித்து வழியை அடைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உலையைச் செய்த நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இதே மாதிரி உலை வைத்திருக்கும் எல்லாரையும் எச்சரிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்ததே தவிர, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

1979 மார்ச் 28-ஆம் தேதி, பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில் அதே வகை உலையில் அதே வகை வால்வு சிக்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் யாருக்கும் புரியவில்லை. உலையின் மையப்பகுதி பாதி அளவுக்கு உருகிப்போனது. முதல் இடத்தில் 20 நிமிடத்தில் முடிந்த விஷயம், சொல்லாமல் போனதால் இரண்டாவது இடத்தில் அளவுகோலில் ஐந்தாம் படி விபத்தானது. இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் முகம்தான் வந்தது. ஒரு ஷிப்டில் நடந்தது அடுத்த ஷிப்டுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அமெரிக்கா கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு, நம் கெடாக் கடற்கரையையும் தமிழ்நாட்டையும் சேர்த்துவைத்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26.

அன்று காலை ஒன்பது மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. கெடாவிலும் பினாங்கிலும் சிலர் அதை உணர்ந்தார்கள். சென்னைக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையத்தை அலை தாக்கியபோது நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆகியிருக்கவில்லை. கடல்நீர் எடுக்கும் சுரங்க வழியாக வெள்ளம் பம்ப் அறைக்குள் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். அன்றே அவசர எச்சரிக்கை அறிவித்து, மறுநாள் இரவுதான் விலக்கிக்கொண்டார்கள். கதிர்வீச்சு வெளியேறவில்லை. ஊழியர் குடியிருப்பில் அலை பல உயிர்களைக் கொண்டு போனாலும், உலையைப் பொறுத்தவரை அது பூஜ்யப் படி நிகழ்வு.

அதே அலை கோத்தா கோலா மூடாவுக்கு வந்தது மதியம் ஒரு மணிக்குப் பிறகு. ஆச்சேயிலும் புக்கெட்டிலும் கல்பாக்கத்திலும் அடித்து முடித்த பிறகு! நமக்கு நேரம் இருந்தது. சொல்வதற்கு ஓர் ஏற்பாடுதான் இல்லை. மலேசியாவில் 68 பேர் போனார்கள். கோத்தா கோலா மூடாவில் இன்றைக்கும் உடைந்த படகுகளை அடுக்கி நினைவிடம் வைத்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் நம் நாட்டில் சுனாமி எச்சரிக்கை முறையே வந்தது.

கல்பாக்கத்தில் அந்தப் பூஜ்யத்தைச் சும்மா விடவில்லை. அடுத்த ஆண்டே, 2005 ஆகஸ்டு கடைசியில், அணுமின் நிலையங்களுக்குள் வெள்ளம் புகும் ஆபத்தைப் பற்றி அனைத்துலகப் பயிலரங்கு அங்கேயே நடந்தது. ஆனால் 2011 மார்ச் 11-இல் ஜப்பானின் புகுஷிமாவில் கடல்நீர் பம்புகளும் அவசர ஜெனரேட்டர்களும் அலையில் மூழ்கியபோது, சொன்னது மட்டும் போதாது, கேட்கிற காதும் வேண்டும் என்று உலகம் புரிந்துகொண்டது.

சொல்வதில் தாமதம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2019 அக்டோபர் 29-ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினிகளில் ஊடுருவல் நடந்ததாக வந்த பேச்சைப் பொய் என்று நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான ஒரு கணினியில் தீங்கு நிரல் இருந்தது உண்மை என்றது. செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டதாகவும், உலையை இயக்கும் கணினிகள் தனியாக இருப்பதால் பாதிப்பு இல்லை என்றும் விளக்கியது. அந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். முதலில் இல்லை, பிறகு ஆமாம் என்றால், அடுத்த முறை "ஒன்றும் இல்லை" என்று உண்மையாகவே சொன்னாலும் ஊர் நம்புமா?

நம் நாட்டுக்கு அணு உலை புதிது இல்லை. பாங்கியில் 1982 முதல் ஓர் ஆராய்ச்சி உலை இருக்கிறது. சிறியது, மின்சாரம் எடுப்பதற்கு அல்ல. சட்டமும் இருக்கிறது. சாதாரணத் தொழிற்சாலைகளுக்கே 2004-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, குறிப்பிட்ட சில ஆபத்தான நிகழ்வுகள் நடந்தால், யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும், வேலையிடப் பாதுகாப்பு இலாகாவுக்கு உடனே தெரிவித்து ஏழு நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். காகிதத்தில் குறை இல்லை. பேனாவைப் பிடித்திருக்கும் கை பயப்படாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எழுதினவனுக்குத் திட்டும், எழுதாதவனுக்கு அரிசி மூட்டையும் கிடைக்கிற இடத்தில் எந்தச் சட்டமும் வேலை செய்யாது.

ஆகவே வாசகர்களே, அணு உலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சேர்ந்தே கேட்கக்கூடிய கேள்விகள் சில இருக்கின்றன. சின்ன நிகழ்வுகளின் பட்டியல் பொதுமக்கள் பார்க்கும்படி வருமா? எத்தனை நிமிடத்தில் பக்கத்து ஊருக்குத் தெரியும்? மலாயில் மட்டுமா, தமிழிலும் சீனத்திலும் வருமா? கசிவைப் பார்த்துச் சொன்ன குத்தகைத் தொழிலாளியின் வேலைக்கு யார் பொறுப்பு? பட்டியலில் வருஷத்துக்கு ஐம்பது சின்ன நிகழ்வு இருந்தால் நான் பயப்பட மாட்டேன். ஒன்றுமே இல்லை என்றால்தான் பயப்படுவேன்.

கல்யாணப் பந்தியில் அந்தப் பையன் கை கழுவப் போகும்போது மெதுவாகச் சொன்னான். "அங்கிள், எங்க பேக்டரியிலயும் வாசல்ல அந்த மாதிரி போர்டு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. நீ புத்தகத்துல எழுது" என்றேன்.

மாமா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அன்று எழுதாமல் விட்ட வரி இதுதான்: விடியற்காலை 2 மணி, மூன்றாவது வால்வில் கசிவு, தற்காலிகமாக இறுக்கப்பட்டது, திறக்கும் முன் பழுது பார்க்கவும்.