பழைய பொட்டியைத் தூக்கிப் போடச் சொல்ற புண்ணியவான்களுக்கு

ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே பொருமிக்கிட்டு இருக்கேன் மக்களே. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, தங்கமணி காய்கறி வாங்கப் போயாச்சு. கொட்டித் தீர்த்துடறேன்.

எங்க வீட்ல சனிக்கிழமை சாயங்காலம்னா தமிழ் வகுப்பு. நொய்டாவுல பொறந்து வளர்ந்த என் பொண்ணுக்கு, தென்காசியில இருக்கற தாத்தா வீடியோ கால்ல தமிழ் சொல்லித் தர்றார். ரிடையர்ட் வாத்தியார். சிலேட்டுல ல, ழ, ள எழுதிக் காட்டுவார், இவ வாசிக்கணும். ஒன்றரை வருஷமா நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

அதுக்கான லேப்டாப் 2017-ல வாங்கினது. இன்டெல் ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம், நடுவுல எஸ்எஸ்டி வேற மாத்தியிருந்தேன். ஒரு குறையும் கிடையாது. ஆனா விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தின இன்டெல்லை, ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர, சேர்த்துக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. சரி, லினக்ஸ் போட்டுடலாம்னு பார்த்தா, எனக்கு ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. நேரு ப்ளேஸ்ல ஒரு கடையில குடுத்துப் போட்டு வாங்கிட்டேன். அங்கதான் பிடிச்சது சனி.

வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பொட்டி நகரலை. ஜன்னலைப் பிடிச்சு இழுத்தா அரை நொடி கழிச்சு வருது. ஃபேன் சத்தம் மிக்ஸி மாதிரி. வீடியோ கால்ல அப்பா வாயசைவு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். இவ பதில் சொல்றது அவருக்குக் கேக்கறதுக்குள்ள அவர் அடுத்த கேள்விக்குப் போயிடறார். நாலு வாரம் பொறுத்துப் பார்த்தார். அஞ்சாவது வாரம் எனக்குத் தனியா போன். "பிள்ளைக்கு இஷ்டமில்லேன்னா விட்ருப்பா, கட்டாயப்படுத்தாதே." இஷ்டமில்லாம இல்லப்பா, பொட்டிதான் மக்கர்னு நான் சொன்னதை அவர் நம்பின மாதிரி தெரியலை.

இப்ப நான் சண்டைக்கு வர்றது யாரோடன்னா, எனக்கு ஆலோசனை சொன்ன மூணு கோஷ்டியோட.

முதல் கோஷ்டி, கடைக்காரர். "புரானா ஹை ஜி, நயா லே லோ." பொட்டியைத் தொறந்துகூடப் பார்க்கலை. ரெண்டாவது கோஷ்டி, ஆபீஸ் நண்பர்கள். லினக்ஸே அப்படித்தான், நெட் ஸ்பீடை ஏத்துன்னாங்க. மாசம் முன்னூறு ரூபா கூடக் குடுத்து ஏத்தினேன். ஒரு மயிரிழை மாற்றம் இல்லை. மூணாவதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பு: லினக்ஸ் அபிமானிகள். எஃபெக்டை எல்லாம் அணைச்சுடு, கம்பாசிட்டிங்கை நிறுத்து, வேற டிஸ்ட்ரோ போடு. இதே மந்திரத்தை 2006-ல காம்பிஸ் வந்து டெஸ்க்டாப் கனசதுரமாச் சுத்தின காலத்துலேர்ந்து ஓதறாங்க. (அந்தக் கனசதுரத்தைச் சுத்திக் காட்டி நானும் படம் போட்டிருக்கேன், அது வேற கதை.)

அன்னிக்கு அந்த மந்திரம் சரி. அப்ப கம்பாசிட்டிங்ங்கறது மேல பூசுற சாயம், வேண்டாம்னா அழிச்சுடலாம். எக்ஸ்எஃப்சிஇ-ல இப்பவும் ஒரு டிக்கை எடுத்தா நின்னுடும். ஆனா வேலண்ட்ல கம்பாசிட்டர்தான் திரையையே நடத்துது. 2025 அக்டோபர்ல வந்த உபுண்டு 25.10-ல க்னோமுக்குப் பழைய எக்ஸ் செஷனே கிடையாது. எதைய்யா அணைக்கிறது?

கம்பாசிட்டிங்னா என்ன? ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனித் தாள்ல தன்னை வரைஞ்சுக்கும். கம்பாசிட்டர் அந்தத் தாள்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும். 1920-க்கு 1080 திரைன்னா 20 லட்சத்துச் சொச்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரு படத்துக்கு 8 எம்பி, நொடிக்கு 60 படம்னா கிட்டத்தட்ட 500 எம்பி. கிராஃபிக்ஸ் சிப்புக்கு இது டீ குடிக்கற மாதிரி. என் பொட்டியில இருக்கற இன்டெல் ஹெச்டி 620-க்கே இது சாதாரணம். ஆனா அந்த வேலையை சிபியு தலையில கட்டினா? ரெண்டே ரெண்டு கோர். அதுலதான் பிரவுசரும் ஓடணும், அப்பாவோட சிலேட்டும் தெரியணும்.

ஒரு ராத்திரி கோவத்துல நானே உக்காந்தேன். மெசா-யூடில்ஸ் போட்டு, டெர்மினல்ல ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ, கூட ஒரு சின்ன கோடும் பெரிய பி-யும். ரெண்டரர்ங்கற வரியில இன்டெல் பேரே இல்லை. எல்எல்விஎம்பைப்னு இருந்துச்சு. அதாவது, கிராஃபிக்ஸ் சிப் தூங்குது, படத்தை எல்லாம் சிபியு கையால வரையுது.

ஏன்? க்ரப் கோப்பைத் தொறந்தா கெர்னலுக்குப் போற வரியில ஒரு வார்த்தை: நோமோட்செட். அது இருந்தா இன்டெல் டிரைவர் பொறுப்பே ஏத்துக்காது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற பொத்தானும் வேலை செய்யாம இருந்ததை அப்பதான் நெனச்சுப் பார்த்தேன். அந்த வார்த்தையை அழிச்சு, அப்டேட்-க்ரப் கொடுத்து, ரீஸ்டார்ட். ஃபேன் சத்தம் நின்னுடுச்சு. மொத்தம் இருபது நிமிஷம். இதுக்குத்தான் நாப்பதாயிரத்துக்குப் புதுசு வாங்கச் சொன்னாங்க.

நோமோட்செட் கெட்ட வார்த்தை இல்லை. முக்கியமா என்விடியா கார்டு இருக்கற பொட்டியில திரை கருப்பா நின்னா, உள்ள நுழையறதுக்கு அது ஒரு சாவி. உள்ள போய் ஒழுங்கான டிரைவரைப் போட்டதும் எடுத்துடணும். இணையத்துல முதல் பாதியை மட்டும் ஆயிரம் பேர் சொல்றாங்க. ரெண்டாவது பாதியைச் சொல்ல ஆள் இல்லை.

டெஸ்க்டாப் செய்யறவங்களும் தப்பிக்க முடியாது. 2013-ல க்னோம் 3.8 வந்தப்ப, கிராஃபிக்ஸ் இல்லாத பொட்டிக்குன்னு இருந்த எளிய வடிவத்தை எடுத்துட்டாங்க, எல்எல்விஎம்பைப்தான் இருக்கேன்னு. நல்ல நிரல்தான், அது இல்லேன்னா திரையே வராது. ஆனா அது ஓடுதுன்னு பயனருக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பாட்டரி இறங்கினா எச்சரிக்கை வருது. மொத்தத் திரையையும் சிபியு சுமக்குதுன்னா மூச்சு விடறதில்லை. செட்டிங்ஸ்ல அபவுட் பக்கத்துல பொடி எழுத்துல ஒளிஞ்சிருக்கு. என் தங்கமணி அங்க ஏன் போகப்போறா?

எல்லா மந்தத்துக்கும் இதுவே காரணம்னு சொல்ல வரலை. சுத்தற ஹார்ட் டிஸ்க்கா இருந்தா முதல்ல அதை மாத்துங்க. என்விடியா 900 வரிசையில பெரும்பாலான கார்டுகளுக்கு நூவோ டிரைவரால வேகத்தையே ஏத்த முடியாது, கம்பெனி கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் வேணும். 2012-ல லினஸ் டோர்வால்ட்ஸ் ஃபின்லாந்துல மேடையில உக்காந்து அந்தக் கம்பெனிக்கு நடுவிரலைக் காட்டினது சும்மா இல்லை. அதனால லினக்ஸ் போடறதுக்குன்னே பழைய லேப்டாப் தேடறீங்கன்னா, இன்டெல்லோ ஏஎம்டியோ உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கறதா வாங்குங்க. ஆனா யார் தூக்கிப் போடச் சொன்னாலும், அதுக்கு முன்னாடி அந்த அபவுட் பக்கத்தை ஒரு தடவை பாருங்க. கிராஃபிக்ஸ்ங்கற இடத்துல எல்எல்விஎம்பைப்னோ சாஃப்ட்வேர் ரெண்டரிங்னோ இருந்தா, பர்சைத் தொறக்காதீங்க.

அப்பாவோட வகுப்பு திரும்ப ஆரம்பிச்சாச்சு. போன வாரம் இவ பிஸ்கட் மென்னுக்கிட்டே 'வாழைப்பழம்' சொன்னதைப் பார்த்துட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா.

நேரு ப்ளேஸ் கடைக்கும் போனேன், சண்டை போடத்தான். இன்ஸ்டால் பண்ணின பையன் இருந்தான், இருபது வயசு இருக்கும். நோமோட்செட் ஏன் போட்டேன்னு கேட்டேன். ஒரு பொட்டியில திரை வரலையாம், யாரோ சொல்லிக் குடுத்தாங்களாம், அதுலேர்ந்து எல்லாத்துக்கும் போட்டுடறானாம். எத்தனை பொட்டிடான்னேன். விரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சவன், பாதியில நிறுத்திட்டு, ஒரு பேப்பரை நீட்டி அந்த ஃபைல் பேரை எழுதிக் குடுக்கச் சொன்னான்.