அணை மட்டம் தெரியும், நம்ம மட்டம் தெரியாது

மணிமுத்தாறு அணைக்கு முழு மட்டம் 118 அடி. பாபநாசத்துக்கு 143 அடி. இன்றைக்கு இரண்டிலும் எத்தனை அடி தண்ணீர் கிடக்கு என்று எங்க ஊர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்பது வயசு ஆளிடம், "ஒமக்கு பிரஷர் எவ்வளவு வேய்?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரில்லா இருக்கேன்" என்பார்.

இந்தப் பதில்தான் எங்க ஊர் ஆம்பளைகளைக் கொல்கிறது. வலித்தால் நோய், வலிக்காவிட்டால் சுகம். இதுதான் எங்கள் கணக்கு. ஆனால் பிரஷரும் சுகரும் வலிக்காது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து இதயம், மூளை, சிறுநீரகம், கண் எல்லாவற்றையும் அரிக்கும். வெளியே தெரியும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

வைத்தியம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது. தன்னார்வலர்கள் வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நோய் இருக்கிறவர்களுக்கு மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கிய திட்டம். நான் குறை சொல்ல வரவில்லை, நல்ல திட்டம். ஆனால் எங்கள் தெருவுக்கு அந்தப் பொண்ணு வருவது காலை பத்து, பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் எந்த ஆம்பளை வீட்டில் இருக்கான்? வயலில், வாழைத்தோப்பில், இல்லையென்றால் உரக்கடையில் நிற்பான். வீட்டில் இருக்கிற பொம்பளைகள் கையை நீட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். "அவுக வயலுக்குப் போயிருக்காவம்மா" என்ற பதிலோடு அந்தப் பொண்ணு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் பெண்டாட்டி விஷயத்தைச் சொன்னால், "சும்மா கெட, அதெல்லாம் ஒங்களுக்கு" என்று இவர் முடித்துவிடுவார்.

2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எங்கள் டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேர் யார் என்று அவர்களுக்கே தெரியாது.

"உழைக்கிற உடம்புக்கு சுகர் வராது" என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் அப்பா காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம். ஏர் பிடித்தார், நாத்துக்கட்டு சுமந்தார், வயலுக்கு நடந்தே போனார். இப்போ உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மிஷின், வரப்புவரைக்கும் பைக். உழைப்பு பாதியாகக் குறைந்துபோச்சு, தட்டில் விழுகிற சோறு மட்டும் குறையவில்லை. மேலே ஊறுகாய், கருவாடு, கல்லிடைக்குறிச்சி அப்பளம். அதற்கு மேலே பீடி, சாயங்காலம் ஒரு குவார்ட்டர். கல்லு மாதிரி உடம்பென்றாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அண்ணாச்சி. பிசானம் நடவு நேரம், சேத்துக்குள்ளே காலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு வாரம் கழித்து வீக்கம், அப்புறம் நாத்தம். பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோனபோதுதான் பல வருஷமாகவே சுகர் இருந்திருக்கிறது, பாதத்தில் உணர்ச்சியே செத்துப்போயிருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். வரப்பில் நடந்து பிழைக்கிறவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

நெஞ்சு வலி கதையும் இப்படித்தான். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற 'இதயம் காப்போம்' திட்டம் 2023-லேயே வந்துவிட்டது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தால்தானே மாத்திரை!

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், வருமுன் காப்பது விவசாயிக்குப் புதிதே இல்லை. விதைக்கும் முன்னால் விதைநேர்த்தி செய்கிறோம். கோமாரி ஊசி முகாம் என்றால் மாட்டைப் பிடித்துக்கொண்டு விடியக்காலையிலேயே போய் நிற்கிறோம். மாட்டுக்கு நோய் வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று எவனும் சொல்வதில்லை. மாட்டுக்கு இருக்கிற மரியாதை மாட்டுக்காரனுக்கு இல்லை.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு வேலை இடத்திலேயே பரிசோதனை செய்ய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024-ல் வந்தது. விவசாயிக்கும் அதே மாதிரி அவன் இருக்கிற இடத்துக்கு வரட்டும். காலை ஆறு மணிக்கு டீக்கடை, அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையம், உரம் வாங்க நிற்கிற கூட்டுறவு சங்கம். மாதம் ஒரு நாள் ஒரு மேசை, ஒரு பிரஷர் மிஷின், ஒரு சுகர் மிஷின் போதும். ஒருத்தன் கையை நீட்டினால் வரிசையில் நிற்கிற மற்றவனும் நீட்டுவான். ஆம்பளைக்கு ஆம்பளை பார்த்துத்தான் வெட்கம், ஆம்பளையைப் பார்த்துத்தான் தைரியமும்.

கடைசியாக, சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டு "உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லாருக்கேன்" என்ற பதிலைத் தவிர அவர் வாயிலிருந்து வேறொன்றும் வராது. "மேல எவ்வளவு, கீழ எவ்வளவு, சுகர் எவ்வளவு?" என்று எண்ணைக் கேளுங்கள். தெரியாது என்றால், அடுத்த வாரம் கேட்பேன் என்று சொல்லுங்கள். 140-க்கு 90-ஐத் தாண்டியிருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு மறுபடி போன் போடச் சொல்லுங்கள். பெண்டாட்டி சொன்னால் தட்டிவிடுகிற மனுசன், பட்டணத்தில் இருக்கிற மகள் கேட்டால் செய்வார். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வேட்டி சட்டையோடு கூட ஒரு மணி நேரமும் கொண்டுவாருங்கள். பைக்கின் பின்னால் அவரை உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.