முற்றத்தில் ஒரு சின்ன ஹவுள்

சென்ற மாதம் மாணவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். வாசல் தோட்டத்தில் பெரும் பொருட்செலவில் நீரூற்று ஒன்று அமைத்திருந்தார்கள். மோட்டார் பழுதாகி மூன்று வாரம் ஆகிவிட்டதாம். குனிந்து பார்த்தேன். தேங்கிய நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. உள்ளே தொட்டிலில் கைக்குழந்தை!

2012ஆம் ஆண்டு நம் அண்டை ஊரான கடையநல்லூரை டெங்குக் காய்ச்சல் வாட்டியதைப் புளியங்குடி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரையே பெரிதும் நாடுகிறது. முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாட்களே போதும்.

அப்படியாயின் தோட்டத்தில் நீரே கூடாதா? தாராளமாக வைக்கலாம். ஸ்பெயின் நாட்டுக் கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகையில், 14ஆம் நூற்றாண்டில் அமைந்த சிங்க நீரூற்றுக்கு மோட்டார் ஏது? மேட்டிலிருந்து கால்வாய் வழியே வந்த ஆற்றுநீர் தன் அழுத்தத்தாலேயே பொங்கி வழிந்தது. நம் பள்ளிவாசல் ஹவுள்களிலும் மீன்கள் நீந்தக் கண்டிருக்கிறோம். இயந்திரம் குறைந்தால் பராமரிப்பும் குறையும்.

4 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள சிமெண்ட் தொட்டி போதும். ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும். இலை உதிரும் மரத்தடியைத் தவிர்த்து, அரைநாள் வெயில் படும் இடமாகப் பாருங்கள். புதுச் சிமெண்டின் காரம் மீனைக் கொல்லும். ஆகவே இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, பன்முறை மாற்றுங்கள். ஒரு சட்டியில் அல்லி நட்டு உள்ளே வையுங்கள். இலைகள் பாதி நீர்ப்பரப்பை மூடினால் பாசியும் குறையும், நீர் ஆவியாவதும் குறையும். பின்னர் பத்துக் கப்பி மீன்களை விடுங்கள். இரையை அளவோடு போட்டால்தான் அவை கொசுப்புழுக்களைத் தேடித் தின்னும். அவற்றைக் குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். நாட்டு மீன்களுக்குக் கேடு.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் மேலே இரும்புக் கம்பிவலை கட்டாயம். மழையில் நிரம்பி வழியும் நீர், வலையிட்ட குழாய் வழியே எலுமிச்சை மரத்தடிக்குச் செல்லட்டும். வாரம் ஒருமுறை சருகை அள்ளி, நீர்மட்டத்தை ஒட்டிய சுவரைத் தேய்த்துவிடுங்கள். ஏடிஸ் முட்டையிடும் இடம் அதுதான்.

அந்த வீட்டார் அன்றே நீரை இறைத்துத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினர். நம் தொட்டியில் பிறக்கும் கொசு நம் மதிலோடு நின்றுவிடுவதில்லை. அண்டை வீட்டுக் குழந்தைக்கும் நாமே பொறுப்பு என்பதை மறவாதிருப்போம்.