கப்பலை விட்டு இறங்கிய பிறகு கே.எல்.ஐ.ஏ. போவது எப்படி? யாருக்கும் பொறுப்பில்லாத 65 கிலோமீட்டர்

சொகுசுக் கப்பல் பயணம் என்பது ஒரு காலத்தில் நம்மவர்களுக்கு எட்டாத ஒன்றாக இருந்தது. இன்று நிலைமை வேறு. மூன்று நாள், நான்கு நாள் பயணங்கள் தவணை முறையில் கூட விற்கப்படுகின்றன. பெற்றோரின் அறுபதாம் கல்யாணம், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, வேலை ஓய்வு என்று காரணம் சொல்லி, தோட்டத்துக் குடும்பங்களும் பட்டணத்துக் குடும்பங்களும் கூட்டாகச் சேர்ந்து கப்பல் ஏறுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து உறவினர்களை வரவழைத்து அழைத்துச் செல்வோரும் உண்டு.

கப்பலில் சாப்பாடு, அறை, கேளிக்கை எல்லாம் கணக்குப் போட்டுத்தான் பதிவு செய்கிறோம். கணக்கில் விடுபடுவது கடைசி நாள் காலை. கப்பலை விட்டு இறங்கி, அன்றே விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு அதுதான் பயணத்தின் மிகக் கடினமான பகுதி. கிள்ளான் துறைமுகத்தில் இறங்குவோருக்கு இது இன்னும் கடினம்.

தீவில் இருக்கிறது முனையம்

பூஸ்டெட் குரூஸ் சென்டர் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த பயணிகள் கப்பல் முனையம், கிள்ளான் துறைமுக நகரில் இல்லை. அது பூலாவ் இண்டா தீவில், வெஸ்ட்போர்ட்ஸ் கொள்கலன் துறைமுகத்தின் பக்கம் இருக்கிறது. பெயரைப் பார்த்துவிட்டு, பெலாபோஹான் கிள்ளான் கே.டி.எம். கொமுட்டர் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நிலையம் பெருநிலத்தில் இருக்கிறது. தீவிலிருந்து பாலம் கடந்து சுற்றிக்கொண்டுதான் அங்கே போக வேண்டும். தீவுக்குப் பயணிகள் ரயில் இல்லை. கப்பல் வரும் நேரம் பார்த்து விமான நிலையத்துக்குப் புறப்படும் பொதுப் பேருந்தும் இல்லை.

சரி, எப்படியோ கொமுட்டர் நிலையத்துக்குப் போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கே.எல். சென்ட்ரல் போக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். பிறகு கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் ரயிலில் முதலாம் முனையத்துக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடம். பெரியவருக்கு ஒருவழிக் கட்டணம் 55 வெள்ளி. நான்கு பெரியவர்கள் என்றால் ரயிலுக்கு மட்டுமே 220 வெள்ளி. கிள்ளானிலிருந்து தெற்கே சிப்பாங் போவதற்கு, கிழக்கே தலைநகர் வரை போய்த் திரும்பி வரும் சுற்றுவழி இது. பெட்டிகளோடும் வயதானவர்களோடும் இதைச் செய்வது சாத்தியமில்லை என்றே சொல்லலாம்.

சாலை வழி இதைவிட நேரானது. பூலாவ் இண்டாவிலிருந்து காஜாங் வரை போகும் எஸ்.கே.வி.இ. நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டு பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. தெலுக் பங்லிமா காராங் வழியாகச் செல்லும் இந்தச் சாலையில், விமான நிலையம் சுமார் 65 கிலோமீட்டர். போக்குவரத்து சீராக இருந்தால் ஒரு மணி நேரம். ஆக, சாலைக்குக் குறைவில்லை. அதில் நம்மை ஏற்றிப் போக முறையான வாகனம் இல்லாததே குறை.

ஒரே நேரத்தில் மூவாயிரம் பேர்

இதற்கு ஏன் தீர்வு வரவில்லை? காரணம் எளிது. பெரிய கப்பல் ஒன்றில் மூவாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். அவர்களில் பயணத்தை அங்கே முடித்துக்கொள்வோர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடுவார்கள். அதன் பிறகு அடுத்த கப்பல் வரும்வரை அந்த இடத்தில் ஆள் நடமாட்டமே இருக்காது. நாள் முழுக்க ஓடும் பேருந்துக்கு இது கட்டுப்படியாகாது.

கிரேப் போன்ற மின்-அழைப்பு வாகனங்களுக்கும் இதே சிக்கல்தான். தீவுக்குள் காலியாக வந்து ஆள் ஏற்ற ஓட்டுநர்கள் தயங்குவார்கள். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செயலியைத் திறந்தால் கட்டணம் ஏறும், காத்திருப்பு நீளும். இந்த இடைவெளியில்தான் உரிமம் இல்லாத வாகனங்கள் நுழைகின்றன. அவசரத்தில் இருப்பவரிடம் பேரம் பேசுவது சுலபம். வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்குமா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு கப்பலின் படியோடு முடிகிறது. விமான நிறுவனத்தின் பொறுப்பு பதிவு முகப்பில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் விமானத்தைத் தவறவிட்டால், நாமே தனியாக வாங்கிய டிக்கெட்டின் நட்டம் நம்முடையதுதான்.

பினாங்கும் சிங்கப்பூரும்

பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறைமுகப் படகுத்துறை ஜார்ஜ்டவுன் நகருக்குள்ளேயே இருக்கிறது. ஜெட்டி பேருந்து நிலையம் நடக்கும் தூரம். அங்கிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு 401, 401இ ரேபிட் பேருந்துகள் போகின்றன. தூரம் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. கப்பல் பயணிக்கென்று தனியாக எதையும் அங்கே செய்யவில்லை. நகரத்துக்கு இருக்கும் பேருந்தே அவருக்கும் உதவுகிறது.

சிங்கப்பூரில் மரினா பே கப்பல் நிலையம் 2012-இல் திறக்கப்பட்டது. அருகிலேயே மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம் 2014-இல் வந்தது. வடக்குத் தெற்கு வழித்தடத்தில் ஏறி, சிட்டி ஹாலில் கிழக்கு மேற்கு வழித்தடத்துக்கு மாறி, தானா மேராவில் மீண்டும் மாறினால் சாங்கி. இரண்டு முறை மாற வேண்டும், சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் கட்டணம் மூன்று சிங்கப்பூர் வெள்ளிக்கும் குறைவு. வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். எவ்வளவு நேரமாகும், எவ்வளவு செலவாகும் என்பது பயணிக்கு முன்கூட்டியே தெரியும்.

கிள்ளானுக்கு அதுபோல் உடனே ரயில் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. கிள்ளான் வழியாகப் போகும் எல்.ஆர்.டி. 3 தடமும் ஜொஹான் செத்தியாவில் முடிகிறது. தீவுப் பக்கம் வருவதில்லை. ரயில் இல்லாமலே செய்யக்கூடியது இருக்கிறது.

செய்ய முடிந்தவை

கப்பல் எந்த நாளில், எத்தனை மணிக்கு வரும் என்பது மாதக்கணக்கில் முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே கப்பல் வரும் நாள்களில் மட்டும் ஓடும் பேருந்து போதும். முனையத்திலிருந்து கே.எல்.ஐ.ஏ. இரண்டு முனையங்களுக்கும் நேராகப் போகட்டும். கட்டணத்தைக் கப்பல் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கலாம். சிலாங்கூர் மாநிலம் 2015 முதல் இலவசப் பேருந்துச் சேவையை நடத்திய அனுபவம் உள்ள மாநிலம். இது அதற்குப் பெரிய வேலையன்று.

அடுத்தது, நிலையான கட்டணத்தில் கூப்பன் முறை. விமான நிலையத்தில் டாக்சிக்கு இது பல ஆண்டுகளாக இருக்கிறது. கப்பல் முனையத்திலும் விலைப்பலகையோடு அது ஒழுங்காக நடந்தால் பேரத்துக்கு இடமிருக்காது.

மூன்றாவது விஷயம் நம் சமூகத்தை நேரடியாகத் தொடுகிறது. கிள்ளான், தெலுக் பங்லிமா காராங், பந்திங் வட்டாரங்களில் பள்ளி வேன், தொழிற்சாலை வேன் ஓட்டிப் பிழைக்கும் இந்தியர்கள் பலர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் நண்பகல் வரை வேன் சும்மா நிற்கிறது. கப்பல் பயணிகள் வெளியே வரும் நேரமும் அதுதான். வேனும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார், வழியும் தெரியும். உரிமம் மட்டும் வேறு வகை. கப்பல் வரும் நாள்களுக்கென ஒரு சிறப்பு அனுமதியை நிலப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட் பரிசீலிக்கலாம். வாகனப் பரிசோதனை, பயணிகள் காப்பீடு, பி.எஸ்.வி. உரிமம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கிவிட்டுத் தரட்டும். வட்டார மக்கள் பிரதிநிதிகள் இதைப் பேச வேண்டும்.

அதுவரை நாம்

கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும், குடிநுழைவு முடித்துப் பெட்டியோடு வெளியே வர 9.30 ஆகலாம். வாகனத்துக்கு 45 நிமிடம், சாலையில் ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால் விமான நிலையம் சேர 11.30. உள்நாட்டுப் பயணத்துக்கு 2 மணி நேரமும் அனைத்துலகப் பயணத்துக்கு 3 மணி நேரமும் முன்னதாக இருக்க வேண்டும். ஆகவே உள்நாட்டு விமானம் என்றால் 1.30-க்குப் பிறகும், சென்னை, திருச்சி விமானம் என்றால் 2.30-க்குப் பிறகும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று 12 மணி விமானத்தை எடுக்க வேண்டாம்.

பெட்டியை நீங்களே இழுத்துச் செல்ல முடியுமானால் அப்படியே இறங்குங்கள். வரிசையில் முன்னால் போகலாம். வேனை முதல் நாளே, விலை பேசி, எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் தலைக்கு ஆகும் செலவு பெரிதும் குறையும். ஏர் ஏசியா இரண்டாம் முனையம், மலேசியா ஏர்லைன்ஸ் முதலாம் முனையம் என்பதை ஓட்டுநரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் இருந்தால் கப்பலுக்கும் விமானத்துக்கும் தனித்தனியே முன்பதிவு செய்ய வேண்டும். ஒன்றில் சொன்னது மற்றதற்குத் தெரியாது.

2026 மலேசியாவைச் சுற்றிப் பார்க்கும் ஆண்டு என்று உலகத்துக்கே அழைப்பு விடுத்திருக்கிறோம். வருகிறவர்களைத் தீவில் இறக்கிவிட்டு, உங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விடுவது விருந்தோம்பலுக்கு அழகில்லை. அயல்நாட்டுப் பயணிக்காவது கைநிறையப் பணம் இருக்கலாம். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் பெற்றோரைக் கப்பல் ஏற்றிய நம் குடும்பங்களுக்கு, தவறிய ஒரு விமானம் பல மாதச் சேமிப்பு.